பாதி தண்ணீர், பாதி மண்: வாடகை வீட்டுக்கு எந்தத் தொட்டி?

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். அல்சூரில் என் தங்கை வீட்டு ஹாலில், டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருக்கும் இடம் இவ்வளவுதான். வாடகை வீடு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கே ஒரு தொட்டி வைக்க வேண்டும், கீழே மீன் நீந்த வேண்டும், தண்ணீருக்கு மேலே பாசி படர்ந்த கரையும் செடிகளும் இருக்க வேண்டும் என்று அவள் மகன் பிடிவாதமாக நிற்கிறான். ஐந்தாவது படிக்கிறான். "பெரியம்மா, ஆமையும் விடலாம்ல?" என்று வேறு கேட்டான். நான் பெங்களூரில் பன்னிரண்டு வருடமாகத் தொட்டி வைத்திருப்பவள் என்பதால், "நீயே ஒரு முடிவு சொல்லுக்கா" என்று தங்கை என்னிடம் விட்டுவிட்டாள். அவளுக்குச் சொன்னதையெல்லாம் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர்.

அந்தப் பையனின் ஆசை எனக்குப் புரிகிறது. ஊரில் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நடு வாய்க்காலில் பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. எல்லாம் கரையில்தான். வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈரமண்ணில் வேர்விட்டுக்கொண்டே தண்ணீரை நோக்கி இறங்கும். கிணற்றுச் சுவரின் கல் இடுக்கில் சொட்டுகிற ஈரத்தில் பெரணிகள் தொங்கும். நீர்ப்பிரம்மியை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் கடையில் பகோபா என்று கட்டாகக் கட்டி விற்பதும் அதன் இனம்தான். தண்ணீருக்கு வெளியே வளர்ந்தால் இலை தடித்து, நகத்தால் அழுத்தினால் சாறு வரும். அதே தண்டை தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தால் புதிதாக வரும் இலை மெலிந்து, மென்மையாக இருக்கும். நீருக்கும் நிலத்துக்கும் இடையே இப்படி மாறிமாறி வாழும் செடிகளை ஒரே கண்ணாடிக்குள் பார்ப்பதுதான் இந்தத் தொட்டிகளின் சுகம். மீன் தொட்டியில் அது கிடைக்காது, பூந்தொட்டியிலும் கிடைக்காது.

சரி, வழிகள் என்னென்ன? பெயர்களைச் சொல்லிவிடுகிறேன், கடையில் கேட்கும்போது குழம்பாமல் இருக்கும். தொட்டிக்குள்ளேயே ஒரு பகுதி நிலம், ஒரு பகுதி தண்ணீர் என்று கட்டுவது பலுடேரியம். லத்தீனில் சதுப்பு நிலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தொட்டி முழுக்க மீன்களுக்குத் தண்ணீராகவே இருக்க, பின்பக்கக் கண்ணாடியில் சிறு கூடைகளைத் தொங்கவிட்டு, செடியின் வேர் தண்ணீரிலும் இலை காற்றிலும் இருக்கும்படி செய்வது ரிப்பேரியம். இது ஆற்றங்கரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தண்ணீரே இல்லாமல், ஈரமண்ணும் செடியும் மட்டும் கண்ணாடிக்குள் இருந்தால் டெரேரியம். நான்காவதாக, பால்கனியில் ஒரு சிமெண்ட் தொட்டியோ பெரிய பிளாஸ்டிக் டப்போ வைத்து அதில் நீர்ச்செடி வளர்ப்பது.

இவற்றில் எதை எடுப்பது என்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது அழகு அல்ல, தண்ணீரின் அளவு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். ரிப்பேரியமாக்கி ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் சுமார் 127 லிட்டர் பிடிக்கும். அதே தொட்டியைப் பலுடேரியமாக்கினால் தண்ணீர் அரையடிதான் நிற்கும். கணக்குக்கு 64 லிட்டர் வரும். ஆனால் கரைக்கு அடியில் இருக்கும் கல், கட்டை, மண் எல்லாம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் உண்மையில் 40, 45 லிட்டர் இருந்தால் அதிகம். பார்ப்பதற்கு மூன்றடித் தொட்டி. மீனுக்கு அது ஒன்றரை அடித் தொட்டி. "பெரிய தொட்டிதானே" என்று இருபது மீனை விட்டால் அம்மோனியா ஏறி ஒரே வாரத்தில் பிரச்சினை தொடங்கிவிடும்.

மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது குறைந்த அளவில் பெரிய தொந்தரவு இல்லை, செடிக்கு அதுவே உரம். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் கல்லிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தண்ணீர் அதிகமாக இருந்தால் ஒரு நாள் தீனி கூடிவிட்டாலும் தொட்டி தாங்கும். குறைவாக இருந்தால் தாங்காது. கரண்ட் போய் ஃபில்டர் நின்றாலும், ஏப்ரல் வெயிலில் ஹால் கொதித்தாலும் இதே கதைதான். 2016 ஏப்ரலில் பெங்களூரில் 39.2 டிகிரி வரை போனது. அந்த மாதிரி நாளில் 40 லிட்டர் தண்ணீர் மத்தியானத்துக்குள் சூடாகிவிடும். 127 லிட்டர் சூடாக அதைவிட நேரம் எடுக்கும், அதற்குள் சாயங்காலக் காற்று வந்துவிடும்.

எடையையும் சொல்ல வேண்டும், மூன்றாவது மாடி என்பதால். லிட்டருக்கு ஒரு கிலோ. ரிப்பேரியத்துக்குத் தண்ணீர் மட்டுமே 127 கிலோ, எட்டு மில்லிமீட்டர் கண்ணாடி சுமார் 40 கிலோ, அப்புறம் மணலும் ஸ்டாண்டும். பலுடேரியத்தில் தண்ணீர் குறைந்தாலும் கல்லும் ஈரமண்ணும் அந்த மிச்சத்தில் பெரும்பங்கைச் சாப்பிட்டுவிடும். ஆக எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. எதுவானாலும் நடு ஹாலில் வைக்காமல் பீம் போகிற சுவரை ஒட்டி வைக்க வேண்டும், வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடவும் வேண்டும்.

இப்போது பலுடேரியத்துக்கு வருகிறேன். அழகு என்று பார்த்தால் இதற்கு ஈடு எதுவும் இல்லை, அதைச் சந்தேகமில்லாமல் சொல்வேன். கட்டையின் மேல் பாசி, பாசி மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், பின் சுவரில் ஒட்டி ஏறும் சின்ன இலை ஃபைக்கஸ், ஓரத்தில் பெரணி, கீழே தண்ணீருக்குள் அனுபியாஸ். காலையில் லைட் போட்டதும் கண்ணாடி உள்பக்கம் பனி பிடித்திருக்கும், அது மெல்ல விலகி உள்ளே இருப்பது தெரிய வரும். அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் இரண்டு வருடம் பாடுபட்டிருக்கிறேன்.

பாடு எங்கே என்றால் கரையில். மண் தண்ணீரைத் தொட்டால், திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுத்துக்கொண்டே போகும். ஈரம் பிடிக்கும் மண்ணில் காற்று இருக்காது, வேர் அழுகும். அதனால் கீழே இரண்டு அங்குலத்துக்குக் களிமண் உருண்டை, அதாவது கடைகளில் லேகா என்பார்களே, அதைப் பரப்பி, மேலே கொசுவலை போன்ற நைலான் வலையை விரித்து, அதற்கு மேல் கோகோபீட்டும் மரப்பட்டைத் தூளும் கரித்துண்டும் கலந்த மண்ணைப் போட வேண்டும். தண்ணீர் மட்டம் எந்நாளும் அந்த உருண்டைகளைத் தாண்டி மண்ணைத் தொடக் கூடாது. என் முதல் பலுடேரியத்தில் நிலத்துக்கும் நீருக்கும் நடுவே ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்து சிலிக்கான் ஒட்டித் தரச் சொன்னேன். ஒட்டியவர் அடிப்பக்க மூலையில் ஓர் அங்குலத்தைச் சரியாக அடைக்கவில்லை. வெளியே பார்த்தால் தெரியாது. நான்காவது மாதம் பெரணி ஒன்று மஞ்சளாகி, இழுத்ததும் கையோடு வந்தது. வேர் கறுத்துக் கூழாகியிருந்தது. மண்ணில் விரலை விட்டால் அழுகிய முட்டை வாடை. அடியில் இருந்த மண் முழுவதும் கருமை. அந்த ஓர் அங்குலத்தைச் சரிசெய்ய கல், கட்டை, செடி, மீன் அத்தனையையும் வெளியே எடுத்து, தொட்டியைக் காயவைத்து, பழைய சிலிக்கானைப் பிளேடால் சுரண்டி, மறுபடி ஒட்டி, காடி வாடை போகும்வரை ஒரு வாரம் காத்திருந்தேன். பலுடேரியத்தின் உண்மையான குறை இதுதான். சின்னப் பழுது என்று அதில் ஒன்றும் கிடையாது. எது கெட்டாலும் மொத்தத்தையும் கலைக்க வேண்டியிருக்கும். பதினோரு மாத அக்ரிமெண்டில் குடியிருப்பவர்கள் வீடு மாறும்போதும் அதே நிலைதான்.

காற்றையும் கவனிக்க வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் சாரலில் பாசி தானாகவே பச்சையாக இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டுவிடும். மேலே திறந்த தொட்டியில் தண்ணீர் மட்டத்திலிருந்து நாலு விரல் உயரம் வரை பாசி பச்சையாகவும், அதற்கு மேல் கத்தியால் கோடு கிழித்ததுபோல் பழுப்பாகவும் ஆகிவிடும். அதற்காக முழுக்க மூடிவிட்டால் பூஞ்சை வரும். முக்கால் மூடி, கால் பங்கு வலை என்று வைத்து, ஒரு சின்ன பம்பில் தண்ணீரைப் பின் சுவரில் வழியவிட்டால் சமாளிக்கலாம். புகை போல மூடுபனி விடும் கருவி ஒன்று கடையில் காட்டுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதன் தகட்டில் உப்புப் படிந்து அடிக்கடி நின்றுவிடும். என்னைக் கேட்டால் அது வேண்டாம்.

ரிப்பேரியத்தில் இந்தத் தலைவலிகளில் முக்கால்வாசி இல்லை. காரணம், அதில் மண்ணே கிடையாது. பாத்ரூமில் சோப்பு வைக்கிற ஓட்டைக் கூடை போதும். அதில் களிமண் உருண்டையை நிரப்பி, செடியின் வேரை மண் போகக் கழுவி நட்டு, பின் கண்ணாடியின் விளிம்பில் கொக்கியால் மாட்டிவிட வேண்டும். ஒட்டும் ரப்பர் கப்பை நம்பாதீர்கள், ஈரத்தில் வழுக்கி நடுராத்திரியில் செடியோடு உள்ளே விழும். மணி பிளாண்ட், சிங்கோனியம், பீஸ் லில்லி, குடைபோல விரியும் கோரை, வசம்பு, நீர்ப்பிரம்மி எல்லாமே வேர் தண்ணீரில் நின்றால் வளரும். நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் செடி கரியமில வாயுவுக்குத் திண்டாடும். இலை காற்றில் இருக்கிற செடிக்கு அந்தக் கவலை இல்லை, அதனால் வேகமாக வளர்ந்து தண்ணீரில் உள்ள நைட்ரேட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆக மேலே இருக்கும் செடி அழகுக்கு மட்டுமல்ல, அதுவும் ஒரு ஃபில்டர். ஏதாவது ஒன்று வாடினால் அந்தக் கூடையை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். வீடு மாறினால் கூடைகளை ஒரு பக்கெட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.

மணி பிளாண்ட், சிங்கோனியம், பீஸ் லில்லி மூன்றின் இலையையும் கடித்தால் வாயும் நாக்கும் எரியும், ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் அதில் உண்டு. வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் கோரையும் நீர்ப்பிரம்மியும் வையுங்கள்.

ரிப்பேரியத்தில் என்ன இல்லை என்றும் சொல்லிவிட வேண்டும். காலூன்றி நிற்கிற நிலம் இல்லை. நண்டு நடக்காது, பாசிப் பாறை இருக்காது. இரண்டு கூடைகளுக்கு நடுவே ஒரு கட்டையைத் தண்ணீருக்கு மேல் நீட்டி அதில் ஜாவா பாசியைக் கட்டினால் கரை போன்ற ஒரு தோற்றம் வரும், அவ்வளவுதான்.

டெரேரியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு அது நல்லது. லண்டனில் நதானியேல் வார்டு என்ற மருத்துவர் 1829இல், மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் பெரணி தானாக முளைத்து வளர்வதைப் பார்த்ததில் தொடங்கிய கலை அது. அவர் பெயரில் வந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பிற்பாடு சீனத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்குக் கப்பலேறின. நீராவி உள்ளேயே சுழல்வதால் மூடிய டெரேரியத்துக்கு மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆனால் மீன் கேட்கிற பையனுக்கு அதைக் கொடுத்தால் ஏமாற்றம்தான். அதற்குள் அழகுக்காகச் சின்னக் குட்டை வைக்காதீர்கள். மீன் இல்லாமல் தேங்கும் தண்ணீரில் கொசு முட்டையிடும். 2024இல் டெங்குவைக் கர்நாடக அரசு கொள்ளைநோயாகவே அறிவித்தது.

பால்கனி டப் மலிவு, எளிது, அல்லி பூக்கும், கப்பி மீன் கொசுப்புழுவைத் தின்றுவிடும். தங்கை வீட்டு பால்கனியில் துணிக் கொடிக்கே இடம் போதவில்லை, அதனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

அடுத்தது உயிர்கள். ஆமை வேண்டாம் என்று அவனிடம் உட்கார்ந்து காரணத்தோடு சொன்னேன். கடையில் காது ஓரம் சிவப்புக் கோட்டுடன் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விற்பது அமெரிக்காவின் செங்காது ஆமை. பெட்டை ஓரடி வரை வளரும், இருபது முப்பது வருடம் வாழும். அதற்கு வெயில் காய மேடையும் புறஊதாக் கதிர் வரும் விளக்கும் வேண்டும். அது கழிவதைப் பார்த்தால் அல்சூர் ஏரிதான் அதற்குச் சரியான தொட்டி என்று தோன்றும். அப்படித் தோன்றித்தான் பலர் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள், அது நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்கிறது. உலகின் மோசமான நூறு அந்நிய ஊடுருவி உயிர்களின் பட்டியலில் அது இருக்கிறது. அதன் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குட்டிகளை விற்க அமெரிக்காவே 1975இல் தடை போட்டது. நம் நட்சத்திர ஆமை போன்றவற்றை வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றம். வயல்வெளியில் பிடித்த தவளையையும் கொண்டுவந்து அடைக்காதீர்கள்.

நண்டு விஷயத்தில் கடையில் கேட்டு ஏமாறுபவர்கள் அதிகம். சிவப்புக் கொடுக்கு நண்டை நன்னீர் நண்டு என்று சொல்லி, முழுக்கத் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் போட்டு விற்பார்கள். அது அலையாத்திக் காட்டு நண்டு. அதற்கு உப்பு கலந்த நீரும் வேண்டும், ஏறி நிற்க நிலமும் வேண்டும். இரண்டும் இல்லாமல் சில மாதத்தில் செத்துப்போகும். பிச்சாவரத்துச் சேற்றில் துள்ளும் மீனைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கும் இதே பதில்தான், உப்பு நீர்த் தொட்டி என்பது வேறு ஒரு வேலை. ஜாவாத் தீவின் வாம்பயர் நண்டு உண்மையிலேயே நன்னீரில் வாழும், பலுடேரியத்துக்கென்றே பிறந்தது போல இருக்கும். ஆனால் ஒயர் போகிற ஓட்டை வழியாகக்கூட வெளியேறிவிடும். எந்த நண்டானாலும் மூடியில் ஒரு விரல் சந்துகூட விடக் கூடாது.

மீன் என்றால் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். போர் தண்ணீர் கடினமானது, அதில் கப்பியும் பிளாட்டியும் சந்தோஷமாக இருக்கும். காவிரித் தண்ணீர் வருகிற வீட்டில் ஜீப்ரா டேனியோ என் முதல் தேர்வு. நம் நாட்டு மீன், டிசம்பர் குளிரையும் ஏப்ரல் சூட்டையும் தாங்கும், ஹீட்டர் தேவைப்படாது. துள்ளும் மீன், அதனால் ரிப்பேரியத்திலும் திறந்திருக்கும் முன்பாதிக்கு வலை மூடி வேண்டும். காவிரித் தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் பக்கெட்டில் வைத்திருந்து ஊற்றுங்கள். ஆவியானதற்கு ஈடுகட்டும்போது எப்போதும் உப்புக் குறைந்த தண்ணீரையே ஊற்ற வேண்டும், ஏனென்றால் தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது. கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழுவது அதனால்தான். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைச் சிக்கனம் என்று ஊற்றிவிடாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

தண்ணீர்ச் செலவைப் பற்றித் தங்கை கேட்டது நியாயமான கேள்வி. 2024 மார்ச்சை யாரும் மறக்கவில்லை. கார் கழுவவும் தோட்டத்துக்கு ஊற்றவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த மாதம் அது. நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து மேலேற்றி வரும் காவிரித் தண்ணீரை மீனுக்கு ஊற்றுகிறோமே என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. வாரம் கால்பங்கு மாற்றினால் ரிப்பேரியத்துக்கு 32 லிட்டர், ஏறக்குறைய இரண்டு பக்கெட். பலுடேரியத்துக்கு ஒரு பக்கெட்கூட வேண்டாம். இந்த ஒரு இடத்தில் பலுடேரியம் ஜெயிக்கிறது. ஆனால் மேலே செடிகள் வேர் பிடித்துவிட்டால், மீனும் குறைவாக இருந்தால், ரிப்பேரியத்துக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றினாலே போதும் என்பது என் வீட்டுத் தொட்டியின் அனுபவம். நைட்ரேட் சோதனை டப்பா ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, அது காட்டுவதைப் பார்த்து மாற்றலாம். எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் ஊற்றினால் உரம் தனியாக வேண்டாம்.

எனவே தங்கைக்கு நான் சொன்னது ரிப்பேரியம். அதே மூன்றடித் தொட்டி, ஓரடித் தண்ணீர், பின்னால் ஐந்து கூடை, நீட்டிய ஒரு கட்டை, பன்னிரண்டு டேனியோ, எட்டு மணி நேரம் எரியும் ஒரு எல்ஈடி விளக்கு தொட்டிக்கு மேலே ஓரடி உயரத்தில். சொந்த வீடு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அதற்கென்றே ஒதுக்க முடியும், கலைத்துக் கட்டுவதில் சலிப்பு வராது என்றால் பலுடேரியத்துக்கே போங்கள், நான் தடுக்க மாட்டேன். தங்கைக்கு இந்த மூன்றும் இப்போது இல்லை. தொட்டியை இரண்டடி உயரமாகவே வாங்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குச் சொந்த வீடு போனால் அதையே பலுடேரியமாக மாற்றிக்கொள்ளலாம்.

பையனுக்கு முதலில் முகம் வாடிவிட்டது. என் வீட்டுக்குக் கூட்டிவந்து தொட்டியின் பக்கவாட்டில் உட்காரவைத்தேன். தண்ணீருக்குள் கோரையின் வேர் வெள்ளைத் தாடிபோல் இறங்கியிருந்தது. அதில் குட்டி இறால் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு வேர்முடியாகக் கையால் பிடித்து வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டும் அவன் எழவில்லை.

கண்ணாடிக்காரர் அடுத்த சனிக்கிழமை தொட்டியைக் கொண்டுவருகிறார். மீன் விட அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஆகும் என்று பையனிடம் சொல்லி, காலண்டரில் குறிக்கவைத்திருக்கிறேன். என் கோரையிலிருந்து நான்கு தலையை வெட்டி, தலைகீழாகத் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டுவைத்திருக்கிறேன். இலைக்கொத்தின் நடுவிலிருந்து வேர் எட்டிப்பார்க்க ஆரம்பித்திருக்கிறது, விரல் நீளம் வந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.